மண்ணடி தராசுக் கடை பாய்க்கும் மற்ற எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம்.

கிட்டச்சமம், அதாவது இரண்டு எண்கள் கிட்டத்தட்ட சமம்தானா என்று பார்த்துச் சொல்லும் ஃபங்ஷன் (சின்ன நிரல்), நேற்று ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு நம் நிரல் மொழியின் ஸ்டாண்டர்ட் லைப்ரரிக்குள், மொழியோடு சேர்ந்தே வரும் தொகுப்புக்குள், போய்ச் சேர்ந்துவிட்டது. டெஸ்ட் எல்லாம் பச்சை. இப்போது காலை ஆறு மணி, இன்னும் தூங்கவில்லை, தூக்கம் வருகிற மாதிரியும் இல்லை, சரி, நன்றியைச் சொல்லிவிட்டே படுக்கலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

சனிக்கிழமை வகுப்பில் நடந்ததைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை, உங்களில் பாதிப் பேர் அங்கேயே இருந்தீர்கள். சரியான விடை எழுதிய அந்த எட்டாம் வகுப்புப் பெண், திரையில் 'தவறு' என்று வந்ததும் விடையை அழித்துவிட்டு வேறு ஏதோ எழுத ஆரம்பித்தாளே, அந்தக் கை என் கண்ணை விட்டுப் போகவே இல்லை. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் கணினியிடம் 0.30000000000000004 என்றுதான் வரும், கணினி எண்ணை எழுதும் பைனரியில் (வெறும் 0, 1 முறையில்) 0.1 முடிவில்லாமல் ஓடுகிற எண், நாம் அதை 53 பிட்டில், அதாவது 53 பைனரி இலக்கத்தில், வெட்டி வைத்திருக்கிறோம். இது நமக்குத் தெரியும். அவளுக்கு ஏன் தெரிய வேண்டும்? அவள் விடையைக் கணினியின் விடையோடு இரட்டைச் சமக்குறி போட்டு, அச்சு அசலாக ஒன்றுதானா என்று ஒப்பிட்டது நம் தப்பு.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதோடுதான் மல்லுக்கட்டினேன். முதலில் வித்தியாசம் 0.0001-க்குள் இருந்தால் சமம் என்று வைத்தேன். அப்படி வைத்தால் ஒரு சிவப்பணுவின் அகலமும் பூஜ்யமும் ஒன்றாகிவிடுகின்றன, மீட்டரில் எழுதினால் அது 0.000007 அளவுதானே. அப்புறம் விகிதத்துக்கு மாறினேன்: இரண்டில் பெரிய எண்ணை எடு, வித்தியாசம் அதில் நூறு கோடியில் ஒரு பங்குக்குள் இருந்தால் சமம். அருமையாக ஓடியது, 0.1 + 0.2 − 0.3 பூஜ்யம்தானா என்று கேட்கும் வரைக்கும். மிச்சம் நிற்பது எவ்வளவு சின்ன எண்ணாக இருந்தாலும் சரி, அதிலேயே நூறு கோடியில் ஒரு பங்கு என்பது அதைவிடச் சின்னதாகத்தானே இருக்கும். பூஜ்யத்துக்குக் கிட்டே எதுவுமே வர முடியாது. திங்கள் ராத்திரி இதை விட்டுவிடலாம் என்றே குழுவில் எழுதிவிட்டேன், பார்த்திருப்பீர்கள்.

செவ்வாய்க்கிழமை அப்பா தன் மளிகைக் கடைத் தராசை எடுத்துப் போய் ரிப்பேருக்குக் கொடுக்கச் சொன்னார், முத்திரை போடும் நாள் நெருங்குகிறது, எண் நிலையாக நிற்க மாட்டேன் என்கிறது. மண்ணடியில் ஒரு சந்துக்குள் அந்தக் கடை, இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில்தான் நிற்க வேண்டும். பாய்க்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். என் முகத்தைப் பார்த்து, "என்ன தம்பி, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். என்ன தோன்றியதோ, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், எவ்வளவு வித்தியாசம் இருந்தால் இரண்டு எண்ணைச் சமம் என்று சொல்லலாம், பூஜ்யம் வந்தால் ஏன் மாட்டிக்கொள்கிறேன் என்று.

பாய் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து ஒரு நகைத் தராசை எடுத்து மேசை மேல் வைத்து ஆன் செய்தார், மில்லிகிராம் வரைக்கும் காட்டுகிற தராசு. தட்டில் ஒன்றுமே இல்லை. எண் 0.003 என்றது, மைனஸ் 0.002 என்றது, மறுபடி 0.001 என்றது. பிறகு எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினார்.

மதியம் இரண்டு மணி, காற்றே புகாத சந்து, தலைக்கு மேல் தகரக் கூரை. ஒரு நிமிஷத்தில் அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. துண்டால் துடைக்கக்கூட அவர் கையை அசைக்கவில்லை, அசைத்தால் காற்று வருமாம். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எண் மெல்ல மெல்ல அடங்கி 0.000-இல் வந்து நின்றது.

"மூட்டையில அம்பது கிராம் முன்னப்பின்ன இருந்தா யாரும் கேக்க மாட்டான். தங்கத்துல அம்பது மில்லி போனா சண்டை. அது நூத்துக்கு எத்தனைன்னு பாக்குற கணக்கு. காலித் தட்டுக்கு நூத்துக்கு எத்தனைன்னு யாரைக் கேப்பீங்க? இந்தத் தராசு சும்மா இருக்கையில எவ்வளவு ஆடும்னு இதை வச்சிருக்கறவனுக்குத்தான் தெரியும், அவன்தான் சொல்லணும்."

நிறுத்திய மின்விசிறியைப் போட்டுவிட்டு, எனக்கு ஒரு டீயும் சொன்னார். காசு கொடுக்கப் போனேன், தராசை வாங்க வரும்போது பார்த்துக்கலாம் என்று அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து பைத்தான் என்ற நிரல் மொழிக்காரர்களின் பெப் 485-ஐ, அதாவது அந்த மொழியில் ஒரு மாற்றம் செய்ய எழுதிய முன்மொழிவை, மறுபடி திறந்தேன். 2015-இல் பைத்தான் 3.5-இல் இதே மாதிரி ஒரு ஃபங்ஷன் சேர்த்தபோது கிறிஸ்டோபர் பார்க்கர் எழுதியது. விகிதத்துக்கு நூறு கோடியில் ஒன்று என்று வைத்தவர்கள், நேரடி வித்தியாசத்தின் அளவை மட்டும் பூஜ்யம் என்றே விட்டிருக்கிறார்கள், வேண்டுமென்றால் பயன்படுத்துகிறவரே கொடுத்துக்கொள்ளட்டும் என்று. மூன்று தடவை படித்தும் அது சோம்பேறித்தனம் என்றுதான் நினைத்திருந்தேன். பாய் சொன்னதும் அதேதான். நாமும் அப்படியே விட்டிருக்கிறோம், கூடவே ஒன்று சேர்த்தேன்: அளவு கொடுக்காமல் பூஜ்யத்தோடு ஒப்பிட்டால், 'எவ்வளவு ஆடினால் பரவாயில்லை என்று நீதான் சொல்ல வேண்டும்' என்று நம் மொழி தமிழிலேயே கேட்கும்.

அந்தப் பெண்ணின் ஆசிரியை அன்றே கோபித்துக்கொள்ளாமல் என்ன நடந்தது என்று வரி வரியாக எழுதி அனுப்பினார். ரிவ்யூவுக்காக இரண்டு ராத்திரி கூடவே விழித்திருந்த இருவர், என் எண்களை எல்லாம் இடம் மாற்றிப் போட்டுப் பார்த்து ஒரு பிழையைப் பிடித்த பெரம்பூர்த் தம்பி, கேட்காமலேயே தோசை சுட்டுக் கொண்டுவந்து வைத்த அண்ணி, விட்டுவிடாதே என்று ஒற்றை வரி போட்ட அத்தனை பேர், உங்கள் எல்லாருக்கும் நன்றி, ரொம்ப ரொம்ப நன்றி.

இனிமேல் பிள்ளைகள் கைக்குப் போகிற எந்த ஃபங்ஷனையும் முதலில் காலித் தட்டு வைத்துப் பார்க்காமல் வெளியே விட மாட்டேன். வரும் சனிக்கிழமை அந்தப் பெண் அதே கணக்கைப் போடும்போது பக்கத்தில் நான் இருப்பேன்.

இன்று மதியம் தராசை வாங்கப் போக வேண்டும். இந்த மடலை எழுத்தைப் பெரிதாக்கி அச்செடுத்து வைத்திருக்கிறேன், பாய்க்குக் கண்ணாடி போடாமல் படிக்க வசதியாக இருக்கும்.