சாவியை என் கையில் கொடுங்கள்: மோட்டார் சைக்கிள் ஷோரூம்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மோட்டார் சைக்கிள் நிறுவனங்களின் விற்பனைப் பொறுப்பாளர்களுக்கும் ஷோரூம் உரிமையாளர்களுக்கும் வணக்கம்.

டெஸ்ட் ரைடு கேட்டு வயதானவர் ஒருவர் வந்து நின்றால் என்ன நடக்கும் என்பதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உங்கள் வாசலில் நடப்பதுதான். போன சனிக்கிழமை திருநெல்வேலியில் எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எனக்கு 66 வயது. முந்தின நாளே போன் செய்து நேரம் கேட்டுக்கொண்டு, ஹெல்மெட்டும் ஷூவுமாக, மனைவியையும் அழைத்துக்கொண்டு போனேன். பார்க்கப் போனது 350 சிசி க்ரூஸர், அதாவது சீட் தாழ்வாக, காலை முன்னால் நீட்டி உட்கார்ந்து ஓட்டும் நீளமான வண்டி. "பையனுக்கா சார்?" என்றுதான் முதலில் கேட்டார்கள். எனக்குத்தான் என்றேன். லைசென்ஸ் நகல் வாங்கினார்கள். வண்டிக்குச் சேதம் வந்தால் நானே பொறுப்பு என்ற படிவத்தில் கையெழுத்தும் வாங்கினார்கள். எல்லாம் முடிந்த பிறகு விற்பனைத் தம்பி வண்டியில் ஏறி உட்கார்ந்து, "பின்னாடி ஏறுங்க சார், நான் ஓட்டிக் காட்டுறேன்" என்றார். மேனேஜரிடம் போய்க் கேட்டேன். "உங்க வயசுக்கு நாங்க ரிஸ்க் எடுக்க முடியாது சார். பையன் இருந்தா கூட்டிட்டு வாங்க" என்றார். எனக்கு முன்னால் வந்திருந்த இளைஞர் ஒருவர் அதே வண்டியைத் தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டு அப்போதுதான் சாவியைத் திருப்பிக் கொடுத்திருந்தார்.

பின்னால் உட்கார்ந்து ஒரு கிலோமீட்டர் போய்விட்டு வந்தேன். அந்தத் தம்பியின் முதுகைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

நான் 1985இல் புல்லட் வாங்கியவன். மின்வாரியத்தில் வேலை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கம்பி அறுந்து கிடக்கிறது என்று தகவல் வந்தால் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, பாபநாசம் என்று எந்த நேரமானாலும் அந்த வண்டியில்தான் போவேன். கியர் வலது காலில், பிரேக் இடது காலில் இருந்த பழைய புல்லட். அம்மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, என்ஜினுக்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைக்கும் டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து விட்டு, ஒரே உதையில் எழுப்ப வேண்டும். வலது முழங்காலில் தேய்மானம் வந்த பிறகு அந்த உதை முடியாமல் போயிற்று. வண்டியை விற்றதற்கு அது ஒன்றுதான் காரணம். ஓட்ட முடியாமல் போனதால் விற்கவில்லை. இன்றுவரை ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். இப்போது பட்டனை அழுத்தினால் வண்டி கிளம்புகிறது, சீட் தாழ்வாக இருக்கிறது, திடீரென்று பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் இருக்கிறது. முழங்கால் தேய்ந்தவனுக்கும் இது சரிப்பட்டு வரும் என்று நம்பித்தான் வந்தேன்.

ஆனால் நம்பிக்கையை வைத்துக்கொண்டு வண்டி வாங்க முடியாது. எங்கள் வீட்டு வாசல் தெருவைவிடப் பள்ளம். வண்டியைப் பின்பக்கமாகத் தள்ளித்தான் தெருவுக்கு ஏற்ற வேண்டும். 350 சிசி க்ரூஸர் என்றால் 180, 190 கிலோ வருகிறது. சீட்டில் உட்கார்ந்து இரண்டு காலையும் ஊன்றி என்னால் அதைப் பின்னுக்கு நகர்த்த முடியுமா? சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்தும்போது எடை எந்தக் காலில் இறங்குகிறது? இன்னொன்றும் இருக்கிறது. சாதாரண வண்டியில் ஸ்பீடு பிரேக்கர் வந்தால் ஃபுட்ரெஸ்டில் கால் ஊன்றிச் சற்று எழுந்துகொள்ளலாம். க்ரூஸரில் கால் முன்னால் நீண்டிருப்பதால் அப்படி எழுவது கஷ்டம், அடி நேராக முதுகெலும்பில் இறங்கும். இருபத்தைந்து வயதில் அது ஒன்றுமில்லை. எனக்கு அதுதான் வாங்குவதா வேண்டாமா என்பதையே முடிவு செய்யும். குறுகலான ரோட்டில் மெதுவாக யூ டர்ன் எடுக்கும்போது நீளமான வண்டி எந்தப் பக்கம் சாயப் பார்க்கிறது, நெரிசலில் கிளட்சைப் பிடித்துப் பிடித்து விட்டால் விரல் எவ்வளவு நேரம் தாங்கும், இதெல்லாம் பின்சீட்டில் உட்கார்ந்தவனுக்கு எப்படித் தெரியும்?

இளைஞர்களுக்கு டெஸ்ட் ரைடு ஒரு சந்தோஷம். எங்களுக்கு அது பாதுகாப்பு. யாருக்குக் கட்டாயம் தேவையோ அவரைத்தான் நீங்கள் பின்னால் உட்கார வைக்கிறீர்கள்.

ரிஸ்க் என்றார் மேனேஜர். 55 வயது தாண்டியவருக்கு லைசென்ஸை 5 ஆண்டுக்கு மேல் யாரும் புதுப்பித்துத் தருவதில்லை. அதற்கும் டாக்டரிடம் கண், காது, கை கால் எல்லாம் காட்டி, படிவம் 1ஏ மருத்துவச் சான்றிதழ் வாங்கிக் கொடுக்க வேண்டும். நான் கொடுத்திருக்கிறேன். அரசாங்கம் என்னைப் பரிசோதித்து, ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டது. அதற்கு மேல் என் நரைமுடியைப் பார்த்து முடிவு செய்யும் உரிமையை உங்களுக்கு யார் கொடுத்தது?

இது உங்களோடு நிற்கும் விஷயம் இல்லை. வங்கியில் போய் நின்றாலும் "பையன் வரலையா?" என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் என் உடம்பைப் பற்றி என் மகனிடம் பேசுகிறார்கள். சொந்தக்காரர்கள்கூட "இந்த வயசுல எதுக்கு?" என்கிறார்கள். நாற்பது வருஷம் சம்பாதித்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, கடனெல்லாம் அடைத்த பிறகு முதல்முறையாகத் தனக்கென்று ஒன்று வாங்க வருகிறவனை இப்படியா நடத்துவது? அன்று வீடு திரும்பும்போது என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குப் பின்னால் முப்பது வருஷம் உட்கார்ந்து வந்தவள் அவள். பின்சீட் அவள் இடுப்புக்கு ஒத்துவருமா என்று பார்க்கத்தான் வந்தாள். அவளை உட்கார்ந்து பார்க்கச் சொல்லக்கூட அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

கோபத்தில் கொஞ்சம் அதிகமாகச் சொல்லியிருந்தால் மன்னிக்க வேண்டும். அந்த விற்பனைத் தம்பி மீது எனக்கு வருத்தமில்லை, மேலே இருப்பவர்கள் சொன்னதைச் செய்தவர் அவர். உங்களிடம்தான் கேட்கிறேன். செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ளவர் எந்த வயதினராக இருந்தாலும் அவர் கையில் சாவியைக் கொடுங்கள். பயமாக இருந்தால் உங்கள் ஆள் இன்னொரு வண்டியில் கூடவே வரட்டும். முதலில் உங்கள் வளாகத்துக்குள்ளேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், காட்டுகிறேன். அப்புறம் ஸ்பீடு பிரேக்கரும் ஏற்றமும் உள்ள ரோட்டில் அரை மணி நேரம் விடுங்கள். இதை வாய்ப்பேச்சாக விடாமல், எழுத்தில் எல்லா ஷோரூம்களுக்கும் அனுப்புங்கள்.

குற்றாலம், செங்கோட்டை வழியாக ஆரியங்காவு மலைப்பாதையில் என் மனைவியோடு ஒருமுறை மெதுவாகப் போய்வர வேண்டும் என்று ஆசை. சாரல் தொடங்க இன்னும் மாதங்கள் இருக்கின்றன. அடுத்த சனிக்கிழமை காலை அதே ஷோரூமுக்கு இருவரும் வருகிறோம். லைசென்ஸும் ஹெல்மெட்டும் என்னிடம் இருக்கும். தயவுசெய்து, சாவியை என் கையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மின்வாரிய ஊழியர் ஒருவர்,
திருநெல்வேலி