குழந்தைகள் தினத்துக்கு என்ன வாங்கித் தருவது?

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

நவம்பர் 14 நெருங்குகிறது, "சார், பையனுக்கு என்ன வாங்கித் தரலாம்?" என்று காலையில் கேட் பக்கம் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறீர்கள். எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

நாம் படித்த காலத்தில் புதுசு என்றாலே பரிசுதான். இந்தப் பிள்ளைகளுக்கு அது போதாது. தனக்காக யோசித்து வாங்கியதா, கூடப் படிக்கிறவர்களோடு சேர்ந்து அனுபவிக்க முடியுமா என்று பார்க்கிறார்கள். பளபள பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கொடுத்தால் நம்மிடமே கேள்வி கேட்கிறார்கள்.

சமீபத்தில் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் தோழி ஒருத்தியின் பிறந்தநாளுக்கு ஒரு நோட்டு செய்தார்கள். பழைய நோட்டுகளில் எழுதாமல் விட்ட தாள்களை எடுத்து, ஒரே அளவாக வெட்டி, கோணி ஊசியால் தைத்து, அட்டைக்குக் குடியாத்தம் கைலித் துண்டு ஒட்டியிருந்தார்கள். கோடு போட்ட தாள், கோடில்லாத தாள், நடுவில் கிராஃப் தாள்கூட இருந்தது. முதல் பக்கத்தில் ஆளுக்கு ஒரு வரி. அந்தப் பெண் அதை யாரையும் தொட விடுவதில்லையாம்.

வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் பிள்ளை எதில் கிடக்கிறது என்று கவனியுங்கள். 2024-ல் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனதிலிருந்து நம் பள்ளியில் மதியம் சாப்பிட்ட கையோடு செஸ்தான், பையில் சுருட்டி எடுத்துப்போகிற போர்டு ஒன்று போதும், நாலு பேர் விளையாடுவார்கள். படம் வரைகிற பெண்ணுக்கு பிரஷ் போட்டுவைக்க ஒரு கரிகிரி மண்ஜாடி. காட்பாடிப் பக்கத்துக் கைவேலை, நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கே தெரியாது. நட்சத்திரம், கோள் என்று ஓயாமல் கேட்கிற பிள்ளையை ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் வானாய்வகத்துக்குக் கூட்டிப்போங்கள். 1977-ல் யுரேனஸ் கோளின் வளையங்களைக் கண்டறிந்ததில் அந்த இடத்துக்கும் பங்கு உண்டு. பார்வையாளர்களை எப்போது விடுகிறார்கள் என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். அப்பாவும் அம்மாவும் ஒரு நாள் முழுக்கக் கூட இருப்பதே பெரிய பரிசு, இதைப் பிள்ளைகளே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

பத்தாவதில் இத்தனை மார்க் எடுத்தால் போன் என்று மட்டும் தயவுசெய்து பேரம் பேசாதீர்கள். மார்க் குறைந்தால் போன் போனதாகப் பிள்ளை நினைப்பதில்லை, அப்பாவுக்குத் தன்மேல் பாசம் போனதாகவே நினைக்கிறது. ரிசல்ட் வந்த அன்றைக்கு வீட்டுக்குப் போகவே பயந்து உட்கார்ந்திருந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, பள்ளி விஷயம். குழந்தைகள் தினத்தன்று ஒவ்வொரு வகுப்பிலும் சீட்டுக் குலுக்கிப் பரிசு மாற்றிக்கொள்வார்கள். 50 ரூபாய்க்கு மேல் வேண்டாம், கையால் செய்தது என்றால் ரொம்ப நல்லது, சுற்றுவதற்குச் செய்தித்தாள் போதும். அந்த ஐம்பதும் இந்த மாதம் சிரமம் என்றால் வகுப்பாசிரியரிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்லுங்கள், பிள்ளைக்குத் தெரியாமல் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்,
வேலூர்