கருமுட்டை தானம்: தரகரைக் கட்டுப்படுத்தச் சட்டம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கருமுட்டை தானம் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். குழந்தையில்லாத தம்பதிகளைப் பற்றி விரிவாகச் சொன்ன கட்டுரை, கரு ஆராய்ச்சிக்கென்று முட்டை கொடுக்கும் பெண்ணைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.

எங்கள் சுங்கை சிப்புட்டில், தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களின் பெண்பிள்ளைகள் தொழிற்சாலையிலும் கடைகளிலும் வேலை செய்கிறார்கள். “இளம்பெண்கள் தேவை, நல்ல சன்மானம்” என்று வாட்சாப்பில் வரும் அறிவிப்பு அவர்கள் கைக்கும் வருகிறது. முட்டை எதற்குப் போகும், உடம்புக்கு என்ன ஆகும் என்று அதில் ஒரு வரி கிடையாது.

ரத்தம் கொடுப்பது போல அரை மணி நேரத்தில் முடிகிற காரியமா இது? பத்து நாள் அளவுக்குத் தினமும் ஹார்மோன் ஊசி. அப்புறம் மயக்க மருந்து கொடுத்து, பிறப்புறுப்பு வழியாக ஊசி செலுத்தி, சினைப்பையிலிருந்து முட்டைகளை உறிஞ்சி எடுப்பார்கள். சிலருக்குச் சினைப்பை அளவுக்கு மீறி வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, மருத்துவமனையில் படுக்க வேண்டி வரும். அரிதாக ரத்தமும் உறையும்.

தென்கொரியாவில் நடந்ததை மறக்கக்கூடாது. பெண்கள் கொடுத்த முட்டையில் இன்னொருவரின் உயிரணுவின் உட்கருவை வைத்து நகலாக உருவாக்கும் படியாக்கக் கருவிலிருந்து, உடலின் பலவகை அணுக்களாக வளரக்கூடிய குருத்தணுவை எடுத்ததாக ஹுவாங் வூ சுக் என்ற விஞ்ஞானி 2004, 2005 ஆண்டுகளில் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார். அத்தனையும் பொய் என்று தெரிந்து, 2006-இல் அந்தக் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அதற்குள் 2,000-க்கும் மேற்பட்ட கருமுட்டைகள் செலவாகியிருந்தன. கொடுத்தவர்களில் காசு வாங்கியவர்கள் உண்டு. அவருடைய ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த இளம்பெண்களும் உண்டு. சம்பளம் கொடுப்பவர் கேட்டால் முடியாது என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது தோட்டத்தில் வளர்ந்த நமக்குத் தெரியும்.

ஈரோட்டில் 16 வயதுச் சிறுமிக்கு வயது கூடுதல் என்று போலி ஆதார் அடையாள அட்டை காட்டி, அவளிடமிருந்து பலமுறை முட்டை எடுத்தது 2022-இல் வெளியே வந்தது. இந்தியாவில் இப்போது இருக்கும் 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கொடுப்பவருக்கு 23 முதல் 35 வயது இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே முறைதான் கொடுக்கலாம்.

நம்மிடம் இருப்பது மலேசிய மருத்துவ மன்றத்தின் 2006-ஆம் ஆண்டு வழிகாட்டி. அது டாக்டரைக் கட்டுப்படுத்தும், வாட்சாப் தரகரை எட்டாது.

ஆராய்ச்சி நடக்கட்டும், நோயாளிகளுக்கு அது தேவை. ஆனால் முட்டை எடுக்கும் டாக்டர் வேறு, ஆராய்ச்சியாளர் வேறு என்று சட்டம் பிரித்து வைக்க வேண்டும். ஒப்புதல் படிவம் தமிழிலும் கிடைக்க வேண்டும். பின்னால் வரும் சிகிச்சைச் செலவு முழுவதையும் ஆராய்ச்சி செய்பவர்களே ஏற்க வேண்டும். நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதைச் சுகாதார அமைச்சிடம் கேட்பார்களா?

இப்படிக்கு,
வாசகி, சுங்கை சிப்புட், பேராக்