சுமையைப் பிடித்தால் ‘சார்ஜ்’ பிடிபடும்

ஆசிரியருக்கு வணக்கம்.

‘சார்ஜ்’ என்ற ஆங்கிலச் சொல்லின் பொருள்களை வரிசையிட்டு, அத்தனையையும் மனப்பாடம் செய்யச் சொல்லியிருந்தது சென்ற இதழின் மொழிப் பக்கம். கட்டணம், குற்றச்சாட்டு, பொறுப்பு, மின்னூட்டம், பாய்ந்து தாக்குவது எனப் பட்டியல் சரிதான். ஒன்றோடொன்று ஒட்டாத உதிரிகளாக அவற்றைக் காட்டியதுதான் இடறுகிறது.

அடியில் இருப்பது சுமை. பிற்கால லத்தீனில் ‘கர்ரிகாரே’ என்றால் வண்டியில் பாரம் ஏற்றுவது. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கார், கார்கோ, கேரி எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகளே. துப்பாக்கியில் மருந்து கெட்டிப்பதும் சார்ஜ்தான். 1740களில் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் லெய்டன் ஜாடியில் அதை ஏற்றுவதற்கும் அதே சொல்லை எழுதினார். தமிழும் இதே தடத்தில்தான் போகிறது: குற்றம் சுமத்துகிறோம், பொறுப்பு ஏற்கிறோம், பேட்டரிக்கு மின்னேற்றம் செய்கிறோம். ஏற்றியதை இறக்கினால் ‘டிஸ்சார்ஜ்’. நோயாளியை வீட்டுக்கு அனுப்புவது, கடனைத் தீர்ப்பது, துப்பாக்கி வெடிப்பது மூன்றும் அதில் அடங்கும்.

மொழிபெயர்ப்பவர் முதலில் பார்க்க வேண்டியது பக்கத்தில் நிற்கும் சிறு சொல்லை. ‘வித்’ வந்தால் குற்றச்சாட்டாகவும் இருக்கலாம், ஒப்படைத்த பணியாகவும் இருக்கலாம். பின்னால் வருவது திருட்டா, கடமையா என்பதே அதைத் தீர்த்துவிடும். ‘ஃபார்’ வந்தால் பெரும்பாலும் கட்டணம். ‘அட்’ வந்தால் பாய்ச்சல். ‘டு’ வந்தால் யார் கணக்கில் பற்று எழுதுவது என்ற பேச்சு.

பலர் சறுக்குவது ‘த’ (the) என்ற சிறு சொல்லில். ‘த நர்ஸ் இன் சார்ஜ் ஆஃப் த சைல்ட்’ என்றால் குழந்தை செவிலியரின் பொறுப்பில் இருக்கிறது. ‘இன் த சார்ஜ் ஆஃப்’ என்று மாற்றிப் பாருங்கள்: செவிலியர் குழந்தையின் பொறுப்புக்குப் போய்விடுவார்! அங்கே குழந்தைதான் முன்னால் வர வேண்டும்: ‘த சைல்ட் இன் த சார்ஜ் ஆஃப் த நர்ஸ்.’

செய்தி எழுதுவோருக்கு இன்னும் இரண்டு. ‘சார்ஜ்டு’ என்பதைக் ‘கைது செய்யப்பட்டார்’ என்று எழுதக் கூடாது; கைது வேறு, முறைப்படி குற்றம் சுமத்துவது வேறு. நீதிபதி ஜூரிக்குத் தரும் ‘சார்ஜ்’ குற்றச்சாட்டே அல்ல, சட்ட விளக்கம்.

‘சார்ஜ்டு அட்மாஸ்ஃபியர்’ என்பதை ‘மின்னூட்டம் பெற்ற சூழல்’ என்று இயந்திரம் பெயர்த்துத் தந்தால் அப்படியே அச்சுக்கு அனுப்பிவிடாதீர்கள். ‘பதற்றம் ஏறிய சூழல்’ போதும்.

இப்படிக்கு,
மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் வாசகர்