அந்த மலைச்சரிவின் வரலாற்றையும் எழுதுங்கள்

இலங்கை மலையகத்தில் மண்சரிவு அபாய இடங்களை அடையாளம் காணும் அதிகாரிகளுக்கும், தோட்ட மக்களின் வீடமைப்பைப் பொறுப்பேற்றிருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

மழை இறங்கினால் உங்கள் ஆட்கள் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வருகிறார்கள். நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் மண் வெடித்திருப்பதை அளந்து பார்த்து, "இது ஆபத்தான இடம்" என்று ஒரு கடிதம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அந்தக் கடிதத்தால் உயிர் பிழைத்தவர்கள் உண்டு. அதற்கு முதலில் நன்றி.

ஆனால் அந்தக் கடிதத்தில் காரணம் என்று எழுதியிருப்பதைப் படித்தால் மனசு ஆறவில்லை. கடும் மழை, செங்குத்தான சரிவு, தளர்ந்த மண். கடைசியாக, குடியிருப்பாளர்கள் முறையில்லாமல் மண் வெட்டியது. 10 அடிக்கு 12 அடி காம்பிரா என்ற ஒற்றை அறையில் மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பம், அடுப்படிக்கு இடமில்லாமல் பின்பக்கக் கரையைக் கொஞ்சம் செதுக்கியிருக்கும். அது குற்றப்பட்டியலில் வந்துவிட்டது. அந்த மலையை மொட்டையடித்தது யார், லயத்தை அந்த இடத்தில் கட்டியது யார் என்பதற்கு உங்கள் படிவத்தில் ஒரு வரிகூட இல்லை.

1815இல் கண்டி வெள்ளைக்காரர் கைக்குப் போனது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கொழும்பிலிருந்து கண்டிக்கு வீதி போட்டார். கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்து போகும் பழைய வழியை இன்றும் எல்லோரும் நின்று படம் எடுக்கிறார்கள். அந்த வேலைக்கு ராஜகாரியத்தின் பேரில் சிங்களக் கிராமத்தவர்களைப் பிடித்து வந்தார்கள். நிலத்துக்கு ஈடாக அரசனுக்குச் செய்துவந்த ஊழியத்தை அப்படியே எடுத்து, காட்டுக்குள் வழி வெட்டத் திருப்பிவிட்டார்கள். முதலில் அது படை ஏறுவதற்கான வீதி, அப்புறம் கோப்பி இறங்குவதற்கான வீதி. கன்னொறுவையில் பார்ன்ஸே கோப்பி போட்டிருந்தார். ராஜகாரியத்தை 1832இல் ரத்து செய்தார்கள். பிறகு 1848இல் வீதிச் சட்டம் வந்தது: ஆண்கள் வருடத்துக்கு 6 நாள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லையென்றால் பணம் கட்ட வேண்டும். அந்த வருடம் மாத்தளைப் பக்கம் மக்கள் கிளர்ந்தெழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கிடையில் 1840இல் இன்னொரு சட்டம் வந்தது. உறுதிப் பத்திரம் காட்ட முடியாத காடும் தரிசும் முடிக்கு, அதாவது அரசாங்கத்துக்கு, உரியவை என்றது. கிராமத்தவர்கள் முறை வைத்து வெட்டிச் சேனைப் பயிர் செய்த காடு, மாடு மேய்த்த மேடு எல்லாம் ஏக்கர் 5 சிலிங்குக்கு விலைபோனது. வாங்கியவர்களில் அரசாங்க உத்தியோகத்தர்களும் படை அதிகாரிகளும் இருந்தார்கள்.

காட்டை எப்படி விழுத்தினார்கள் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் உங்கள் வேலையே சரிவைப் பற்றியதுதான். மலையடிவாரத்திலிருந்து மேலே போகப்போக ஒவ்வொரு மரத்தையும் பாதி மட்டும் வெட்டி நிறுத்துவார்கள். உச்சிக்குப் போனதும் மேல்வரிசை மரங்களை முழுதாக வெட்டுவார்கள். அவை விழும்போது கீழே இருப்பதை அடிக்கும், அது அதற்குக் கீழே இருப்பதை அடிக்கும், ஒரு முழுப்பக்க மலையே இடிச்சத்தத்தோடு படுத்துவிடும். அது காய்ந்ததும் தீ வைப்பார்கள். இந்த வெட்டு வேலையைப் பெரும்பாலும் செய்தவர்கள் கொந்தரப்புக்கு, அதாவது ஒப்பந்தக் கூலிக்கு, வந்த சிங்களக் கிராமத்தவர்கள். தமிழர்கள் மட்டும்தான் காட்டை அழித்துத் தோட்டம் ஆக்கினார்கள் என்று நாமே பெருமையாகப் பேசுவதுண்டு. அது சரியில்லை. ஒரே மலையில் இரண்டு சனங்களையும் வைத்துத்தான் அந்த வேலையை வாங்கினார்கள்.

சாம்பல் ஆறியபின் நம்மவர்கள் வந்தார்கள். திருச்சி, தஞ்சாவூர், மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பக்கத்துச் சனம். தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்களுக்குக் கணக்கு சரியாக இல்லை. "விரும்பித்தானே வந்தார்கள்" என்று சிலர் இன்றும் கேட்கிறார்கள். புறப்படும்போதே, ஆள் சேர்த்து அழைத்து வந்த கங்காணியின் முன்பணம் கடனாகிவிடும். கடன் எவ்வளவு என்று எழுதிய துண்டு இல்லாமல் இன்னொரு தோட்டத்தில் பேர் பதிய முடியாது. சொல்லாமல் போனால் சிறை என்று 1865ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. இப்படிப்பட்ட வேலைக்கு விரும்பிச் செய்தது என்று பேர் வைக்க எனக்கு வாய் வரவில்லை.

இனி மண்ணுக்கு வருகிறேன். துரைமாருக்கு மலை துடைத்து வைத்த மாதிரி இருக்க வேண்டும். கோப்பிக்கு நடுவே ஒரு புல் நிற்கக் கூடாது. மாதாமாதம் சுரண்டச் சொன்னார்கள், புல் தெரிந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாள் கூலிதான். மலையின் வளைவைப் பார்க்காமல் மேலிருந்து கீழாக நேர்வரிசையில் நட்டார்கள். வருடத்தில் இரண்டு பருவமழை அடிக்கும் இடத்தில், மண்ணைப் பிடித்து வைக்க ஒரு வேரும் இல்லாமல் போனது. நூற்றாண்டுக் கணக்கில் காடு சேர்த்து வைத்த மேல்மண் ஓடையில் கலங்கலாக இறங்கியது, கீழே இருந்த கிராமத்து வயல்களில் மணலாகப் படிந்தது. என் அப்பா கான், அதாவது மழைத்தண்ணி வடியும் வாய்க்கால், வெட்டின ஆள். "மலைக்குக் கான்தான் நரம்பு, அது அடைபட்டால் தண்ணி உள்ளே இறங்கி மலை ஊதிப்போகும்" என்பார். இன்று ஆள் பற்றவில்லை என்று எங்கள் தோட்டத்தில் பல மலைகளில் கான் தூர்ந்து கிடக்கிறது. அதை யாராவது குறித்துக்கொண்டு போனதாக நான் பார்த்ததில்லை.

1869இல் மடுல்சீமையில் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. மலைக்கு மலை ஒரே செடி நின்றதால் அது தடையில்லாமல் பரவியது. அடுத்த இருபது வருடத்துக்குள் கோப்பி முடிந்தது. தோட்டங்கள் மூடப்பட்டபோது கூலிப் பாக்கியைக்கூட வாங்காமல் திரும்பிப் போனவர்கள் பலர். சத்துப் போன அதே மண்ணில் தேயிலை வந்தது. தேயிலைக்கு வருடம் முழுக்க ஆள் வேண்டும், பெண்கள் வேண்டும், குடும்பத்தோடு வேண்டும். அதனால் லயங்கள் பெருகின. கொழுந்து நன்றாக வரும் நிலத்தில் யாரும் லயம் கட்டவில்லை. பள்ளத்து ஓரத்திலும் ஓடைக்கரையிலும் சரிவின் காலடியிலும் கட்டினார்கள்.

1948இல் குடியுரிமையைப் பறித்தார்கள். நிலம் வாங்கவோ வேறிடம் போகவோ வழியில்லாமல் எங்கள் சனம் அந்த லயத்திலேயே கிடந்தது. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியாபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அது முன்பே எச்சரிக்கை கொடுத்த இடம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் மலையகம் மறுபடியும் சரிந்தது.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். ஒரு சரிவை ஆராயும்போது அதற்கு ஒரு பக்கம் வரலாறும் எழுதுங்கள். காடு எப்போது அழிந்தது, லயம் எந்த நிர்வாகத்தில் கட்டியது, கடைசியாகக் கான் வெட்டியது எந்த வருடம்? பழைய வரைபடங்களைத் தோட்ட அலுவலகங்களில் கேளுங்கள், கான் வெட்டின கிழவர்களைக் கூப்பிட்டு மலை ஏறுங்கள். அப்படி எழுதினால், வெளியேறச் சொல்வதோடு உங்கள் கடமை முடியாது என்பது அந்தத் தாளிலேயே தெரியும். அதே தோட்டத்தில் உறுதியான, சமமான நிலம் இருக்கிறது. அதில் தேயிலை நிற்கிறது, அவ்வளவுதான். அந்த நிலத்தை உறுதிப் பத்திரத்தோடு கொடுங்கள். இன்னொரு சரிவின் ஓரத்தில் சில பேர்ச்சஸ் நிலம் அளந்து கொடுப்பதை வீடமைப்பு என்று சொல்லாதீர்கள். கொழுந்து எடுக்காமல் விட்ட செங்குத்து மலைகளில் மீண்டும் காடு வளர்க்க வேண்டும். அந்த வேலையை எங்கள் பிள்ளைகளுக்கும் கீழே இருக்கிற சிங்களக் கிராமத்துப் பிள்ளைகளுக்கும் நியாயமான சம்பளத்தோடு கொடுங்கள். மேலே சரிகிற மண் அவர்கள் வயலில்தான் விழுகிறது.

எங்கள் அத்தை வீட்டுக்கும் கடிதம் வந்திருக்கிறது. மழை நேரம் பள்ளிக்கூடத்தில் படுக்கிறார், வெயில் வந்ததும் லயத்துக்குத் திரும்புகிறார். நனையாமல் இருக்க ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, சாமிப் படத்துக்குப் பின்னால் அந்தக் கடிதத்தை வைத்திருக்கிறார். போனமுறை என்னிடம் எடுத்துக் கொடுத்து, எங்கே போகச் சொல்லி எழுதியிருக்கு என்று கேட்டார். முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அது அதில் இல்லை.

இப்படிக்கு,
பதுளை மாவட்டத்து லயமொன்றில் பிறந்தவன்