மலக்குழிக்குள் ஆள் இறங்காமல் இருக்க ஒரு கருவியும் ஒரு கணக்கும்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன மாதம் எங்கள் வீட்டு செப்டிக் டேங்க் நிரம்பி வழிந்தது. லாரிக்குச் சொன்னோம். ஓட்டுநரும் உதவிக்கு ஒரு பையனும் வந்தார்கள், குழாயை விட்டு அரை மணி நேரத்தில் தண்ணீரையெல்லாம் உறிஞ்சிவிட்டார்கள், ஆனால் அடியில் இருந்தது மட்டும் வரவில்லை. "பதினோரு வருஷமா எடுக்கலைங்கறீங்க, அடியில இறுகிப்போய்க் கிடக்கு சார், ஆள் இறங்கி வெட்டிவிட்டாத்தான் குழாய்ல ஏறும்" என்றார் ஓட்டுநர். அவர் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பையன் சட்டையைக் கழற்றி மதில்மேல் போட்டுவிட்டு இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். என் மகனைவிடச் சின்னவன். முகத்துக்கு ஒன்றும் இல்லை, கைக்கும் ஒன்றும் இல்லை. வேண்டாம் தம்பி என்று தடுத்தபோது, "வழக்கமா இறங்கறதுதானே சார்" என்று என்னை ஆச்சரியமாகப் பார்த்தான். அந்தப் பார்வையால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

சட்டம் இதை அனுமதிக்கவில்லை. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்யும் சட்டம் 2013-இல் வந்தது. பாதாளச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கினால் முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். சாக்கடையில் இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம் அதை 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. இத்தனைக்குப் பிறகும் ஆட்கள் இறங்குகிறார்கள், இறக்கிறார்கள். தேசிய தூய்மைப் பணியாளர் ஆணையத்தின் கணக்கில் இப்படி இறந்தவர்கள் அதிகம் உள்ள மாநிலம் எது என்று பார்த்தால், பல ஆண்டுகளாகத் தமிழ்நாட்டின் பெயர்தான் மேலே வருகிறது. படித்தபோது எனக்கு மனசே ஆறவில்லை.

உள்ளே என்ன நடக்கிறது என்பதை நம்மில் பலர் சரியாகத் தெரிந்துகொள்ளவில்லை. மூடிக்கிடந்த கழிவிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வருகிறது. கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அளவு கூடிவிட்டால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் குறைந்துவிட்டது, இனி இறங்கலாம் என்று நினைக்கிற அந்த நிமிடம்தான் ஆபத்தான நிமிடம். மேலே இருந்து பார்க்கும்போது அமைதியாக இருக்கும் கசடு, காலால் மிதித்ததும் அடைபட்டிருந்த வாயுவை ஒரேயடியாக வெளியே விடும். முதல் ஆள் மயங்கி விழுவார், அவரைத் தூக்க இரண்டாவது ஆள் குதிப்பார், பிறகு மூன்றாவது ஆள். செய்திகளில் இந்த மரணங்கள் இரண்டு மூன்றாக வருவதற்குக் காரணம் இதுதான். கோழிக்கோட்டில் 2015-இல் இரண்டு தொழிலாளர்கள் மேன்ஹோலில் விழுந்தபோது, அவர்களைக் காப்பாற்ற இறங்கிய ஒரு ஆட்டோ ஓட்டுநரும் உயிரைவிட்டார்.

அந்தச் சாவு கேரளத்தில் சில இன்ஜினியரிங் மாணவர்களை உலுக்கியது. குற்றிப்புரம் கல்லூரியில் படித்த அவர்கள் ஆரம்பித்த ஜென்ரோபாட்டிக்ஸ் நிறுவனம்தான் 'பேண்டிகூட்' ரோபோவைச் செய்தது. 2018-இல் திருவனந்தபுரத்தில் வேலைக்கு வந்தது, அப்புறம் நம் கும்பகோணத்துக்கும் கோயம்புத்தூருக்கும் வந்தது. மேலே ஒரு பகுதி நிற்கும், கைகால் உள்ள இன்னொரு பகுதி மேன்ஹோலுக்குள் இறங்கி அடைப்பை அள்ளும், கேமரா காட்டுவதைத் திரையில் பார்த்துக்கொண்டே ஆள் வெளியில் நின்று இயக்கலாம். முன்பு குழிக்குள் இறங்கியவர்களுக்கே அதை இயக்கவும் பயிற்சி கொடுத்தார்கள். இதைத்தான் நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

ஆனால் மேன்ஹோல் வேறு, வீட்டு செப்டிக் டேங்க் வேறு. டேங்கின் வாய் சின்னது, அடியில் களிமண் போலக் கெட்டியான கசடு, லாரிக் குழாயால் அதை இழுக்க முடியாது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் பிரபு ராஜகோபால் குழுவினர் கையில் எடுத்தது இந்தக் கெட்டிக் கசடைத்தான். ஒரு மாணவரின் முதுகலை ப்ராஜெக்டாக ஆரம்பித்து 'ஹோமோசெப்' என்று பெயர் பெற்ற அந்தக் கருவி, மடக்கிய குடை மாதிரி சின்ன வாய்க்குள் நுழைகிறது, உள்ளே போய் விரிந்து சுழல்கிறது, கெட்டியாகக் கிடந்ததைத் தண்ணீரோடு கலக்கிக் கூழாக்குகிறது, பிறகு குழாய் உறிஞ்சிக்கொள்கிறது. டிராக்டரில் பூட்டிக்கொண்டு போகலாம். ஆய்வகத்தில் உட்கார்ந்து மட்டும் இதைச் செய்யவில்லை, மனிதக் கழிவை மனிதர் அகற்றும் முறைக்கு எதிராகப் போராடும் சஃபாய் கரம்சாரி ஆந்தோலன் அமைப்போடு சேர்ந்து, குழியை அறிந்தவர்களிடம் கேட்டுக் கேட்டுத் திருத்தினார்கள். 2022-இல் முதல் இரண்டு கருவிகளைத் தூய்மைப் பணியில் கணவரைப் பறிகொடுத்த பெண்கள் நடத்தும் சுயஉதவிக் குழுக்களுக்குக் கொடுத்தார்கள். எனக்கு இதைப் படித்தபோது கண் கலங்கியது.

நான் பாலிடெக்னிக்கில் இருபத்தாறு வருடம் பாடம் எடுத்தவன். தரையில் கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டே ஓடுகிற ரோபோ, தடையைப் பார்த்ததும் திரும்பிக்கொள்கிற ரோபோ என்று மாணவர்கள் வருஷா வருஷம் செய்தார்கள், நானும் கையெழுத்துப் போட்டேன். வைவா என்கிற வாய்மொழித் தேர்வு முடிந்ததும் அவையெல்லாம் பீரோவுக்கு மேலே போய்விடும். கல்லூரியிலிருந்து அரை கிலோமீட்டரில் லாரி நிற்கிற இடம் இருந்தது, ஒரு நாள்கூட நான் மாணவர்களை அங்கே கூட்டிப்போய், இவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு வாருங்கள் என்று சொல்லவில்லை. இப்போது அதை நினைத்து வருந்துகிறேன். பணியில் இருக்கும் ஆசிரியர்கள் தயவுசெய்து அதைச் செய்யுங்கள்.

இன்னொன்று, இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். கசடு ஏன் இறுகுகிறது? 2 அல்லது 3 ஆண்டுக்கு ஒருமுறை டேங்கைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று அரசின் வழிகாட்டு நூலே சொல்கிறது, நாமோ வழிந்து வாசலுக்கு வந்தால்தான் லாரியைக் கூப்பிடுகிறோம். என் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், பதினோரு வருஷம்! நேரத்தோடு எடுத்திருந்தால் குழாயிலேயே பெரும்பாலும் வந்திருக்கும், யாரும் இடுப்பில் கயிறு கட்டியிருக்க மாட்டார்கள். அப்படியானால் ரோபோவோடு கூடவே ஊருக்கு ஒரு கணக்கும் வேண்டும். எந்தத் தெருவில் எந்த வீட்டில் டேங்க் எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது, வாய் திறந்திருக்கிறதா அல்லது டைல்ஸ் ஒட்டி மூடிவிட்டார்களா, கடைசியாக எப்போது எடுத்தார்கள். சொத்து வரிக்கு வீட்டுக்கு வீடு கணக்கு வைத்திருக்கும் உள்ளாட்சிக்கு இது முடியாத காரியமா? மூன்று வருடம் ஆனதும் வீட்டுக்காரர் செல்போனுக்கு ஒரு செய்தி, லாரி வந்து போனதும் கணக்கில் தேதி. கணினித் துறையில் படிக்கும் மூன்று மாணவர்கள் ஒரு செமஸ்டரில் இதன் முதல் வடிவத்தைச் செய்துவிடலாம். ஆராய்ச்சி என்றால் செயற்கை நுண்ணறிவு, பெரிய பெரிய தலைப்பு என்று போகிறவர்கள் இதையும் ஆராய்ச்சி என்று மதிக்க வேண்டும்.

கருவியை வாங்கி, நாடா வெட்டி, படம் எடுத்துவிட்டு, ஒரு வால்வு போனதும் கொட்டகையில் போட்டுவிடுகிற வழக்கமும் நம்மிடம் இருக்கிறது. உதிரிபாகம் எங்கே கிடைக்கும், யார் பழுது பார்ப்பார், டீசல் காசு யார் தருவார் என்பதை வாங்குகிற அன்றே எழுதி வைக்க வேண்டும். சந்துக்குள் நுழையாத கருவி எங்கள் ஊருக்கு உதவாது, எங்கள் தெரு ஏழு அடிதான்.

அன்றைக்கு அந்தப் பையன் இறங்கவில்லை. தண்ணீரை ஊற்றி, நீள மூங்கிலால் மேலே இருந்தே கலக்கி, இரண்டு நடையில் முடிந்த மட்டும் எடுத்தார்கள். போகும்போது என்னிடம், "மிஷின் வந்துட்டா எங்களுக்கு வேலை இருக்குமா சார்?" என்று கேட்டான். மிஷினை ஓட்டுகிற வேலையை முதலில் உனக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றேன். சொல்வதற்கு எனக்கு அதிகாரம் இல்லை, அதிகாரம் உள்ளவர்கள் படிக்கட்டும் என்றுதான் உங்களுக்கு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் விரிவுரையாளர்,
டெல்டா மாவட்ட வாசகர்