கவினின் டியூப் பற்றி கலாவுக்கு

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. கோபிக்காதே, கவினுக்குச் சளி பிடித்திருந்தது. இந்த முறை வீட்டிலேயே சரியாகிவிட்டது. போன வருஷம் இதே மாதம் நிமோனியா என்று ஐசியூ வாசலில் உட்கார்ந்திருந்தோம். அதனால் முதலில் இந்தச் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கவினைப் போலவே மூளை முடக்குவாதம் உள்ள உன் அண்ணன் மகளுக்கும் உணவு செலுத்த வயிற்றில் டியூப் வைக்கச் சொல்லிவிட்டார்கள், அண்ணி அழுதபடியே இருக்கிறார் என்று எழுதியிருந்தாய். கவினுக்கு வைக்கச் சொன்னபோது நானும் அழுதேன். வாயில் ஊட்டுவதும் போய்விட்டால் பிள்ளைக்கு நான் எதற்கு என்று தோன்றியது. ஒரு கிண்ணம் குழைந்த சாதம் ஊட்ட ஒன்றரை மணி நேரம் ஆகும். பாதி வெளியே வழியும். புரையேறினால் இருமுவான், அப்போது நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். இருமல் வராமலேயே நுரையீரலுக்குள் இறங்கும் என்பது, எக்ஸ்ரேயில் தெரிவதற்காகப் பேரியம் என்ற பொருளைக் கலந்த கஞ்சியை அவன் விழுங்குவதை எக்ஸ்ரே திரையில் பார்த்த அன்றுதான் தெரிந்தது. ஒன்பது வயதில் 13 கிலோ இருந்தான். இப்போது 17. பசியோடு தூங்கிய பிள்ளை என்று அண்ணியிடம் சொல், அவருக்குப் புரியும்.

டியூப் விஷயத்தில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை. நான் நிறுத்தி யோசிக்கச் சொல்வது இன்னொன்றை. எதுக்களிப்பும் இருக்கிறது, டியூப் வைக்கும் அதே மயக்கத்தில் அதைத் தடுக்கும் ஆபரேஷனையும் முடித்துவிடலாம் என்று எங்களிடம் ஒரு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். உங்களிடமும் சொல்லக்கூடும். இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றி மடித்துத் தைப்பது அது. ருடால்ஃப் நிஸ்ஸென் என்ற அறுவை மருத்துவர் 1956-ல் எழுதிய முறை. பலருக்கு நன்றாக உதவியிருக்கிறது. ஆனால் நம் பிள்ளைகளுக்கு உடம்பு விறைக்கும், முதுகு வளையும், வலிப்பு வரும். வயிற்றுக்குள் அழுத்தம் ஏற ஏற அந்த மடிப்பு தளர்ந்துவிடுவது மற்றக் குழந்தைகளைவிட இவர்களிடம் அதிகம். தளராமல் இருந்தாலோ, ஏப்பம் வெளியே வர முடியாமல் வயிறு உப்பும், வாந்தி எடுக்க முடியாமல் ஓங்கரித்துக்கொண்டே இருக்கும். சொந்த எச்சிலே புரையேறுவதை அந்தத் தையல் தடுக்கவும் தடுக்காது.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் இதையெல்லாம் உட்கார வைத்துச் சொன்னார். டியூப் வைக்கும்போதே இதையும் வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று ஐரோப்பியக் குழந்தை இரைப்பை குடல் மருத்துவர்களின் சங்கம் 2017-ல் வழிகாட்டுதல் கொடுத்திருப்பதையும் அவர்தான் சொன்னார். முதலில் டியூப், அப்புறம் பார்க்கலாம் என்றார்.

அந்தப் 'பார்க்கலாம்' காலத்தில்தான் நிறையக் கற்றுக்கொண்டேன். மலச்சிக்கலைச் சரி செய்ததும் எதுக்களிப்பு பாதி குறைந்தது. இதை யாரும் முதலில் கேட்கவே இல்லை என்பது இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது. சிரிஞ்சை அழுத்தாமல் உயர்த்திப் பிடித்து மெதுவாக இறங்க விடுகிறேன். ஊற்றும்போதும் அதற்குப் பிறகு அரை மணி நேரமும் சாய்த்து உட்கார வைக்கிறேன். ஊற்றும் முன் டியூபைத் திறந்து காற்றை வெளியேற்றுகிறேன். வெறும் பால்மாவு கொடுத்தால் ஓங்கரிக்கிறான். டயட்டீஷியன் சொல்லித் தந்த அளவில் சாதம், பருப்பு, கேரட் அரைத்து வடிகட்டினால் தங்குகிறது. ஓமெப்ரசோல் கொஞ்ச நாள் கொடுத்தோம். அது அமிலத்தைக் குறைக்கும், மேலே ஏறி வருவதைத் தடுக்காது. நெடுநாள் கொடுத்தால் நெஞ்சுத் தொற்றும் கூடலாம் என்று நிறுத்தச் சொன்னார்கள். இத்தனைக்கும் அடங்காவிட்டால் சிறுகுடல் வரை நீளும் டியூப் உண்டு. ஆனால் அதில் பம்ப் வைத்து மணிக்கணக்கில் சொட்டுச்சொட்டாகத்தான் விட முடியும். அதற்கும் சரிப்படாதவர்களுக்கு அந்தத் தையல் இருக்கவே இருக்கிறது.

வீட்டுக்கு அனுப்பும்போது எங்களுக்கு யாரும் சொல்லாத ஒன்று: டியூப் கழன்று வந்தால் சில மணி நேரத்திலேயே ஓட்டை சுருங்கத் தொடங்கிவிடும். ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு அது கையோடு வந்தது, நான் நடுங்கிப்போனேன். ஆபரேஷன் ஆன புதிதில் என்றால் நாமே செருகக் கூடாது, உடனே ஓட வேண்டும். புண் ஆறிய பிறகு என்ன செய்வது என்பதை டிஸ்சார்ஜுக்கு முன்னாலேயே நர்ஸிடம் செய்து காட்டச் சொல்லுங்கள். கூடுதலாக ஒரு டியூப் வீட்டில் இருக்கட்டும். டியூப் கழலாமல் வயிற்றுக்குள் பிடித்திருக்கும் பலூனில் காற்று அடைக்காமல் காய்ச்சி வடித்த தண்ணீர்தான் (டிஸ்டில்ட் வாட்டர்) விட வேண்டும்.

செலவுக்கு, மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்திருக்கிறார்களா என்று கேள். மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்கு வருஷத்துக்கு ஒரு லட்சம் வரை உண்டு.

வாய் ருசியை நாங்கள் விட்டுவிடவில்லை. தெரபிஸ்ட் சம்மதத்தோடு நாக்கில் ரசத்தைத் தொட்டு வைக்கிறேன். புளிப்புக்கு முகத்தைச் சுளித்துவிட்டு மறுபடி வாயைத் திறக்கிறான்.

குழந்தையின் பேரியம் ரிப்போர்ட்டையும், இந்த ஒரு வருஷத்தில் எத்தனை முறை நிமோனியா வந்தது என்பதையும் அண்ணியிடம் வாங்கி அனுப்பு. திங்கட்கிழமை எங்கள் டாக்டரைப் பார்க்கப் போகிறேன், கேட்டு எழுதுகிறேன்.

அன்புடன்
செல்வி